இருட்டை எங்கே வைப்பது? திகில் படங்களும் போஸ்டர்களும் நம்மைப் பயமுறுத்தும் விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேயைப் பார்த்துத்தானே பயப்படுகிறோம்? வெளிச்சத்துக்கும் கேமராவுக்கும் அதில் என்ன வேலை?

‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்பார்கள். திகில் படம் எடுப்பவர்கள் இந்தப் பழமொழியைப் பின்னாலிருந்து படிக்கிறார்கள். முதலில் இருட்டைத் திரையில் வைத்துவிட்டால் போதும், அரளும் வேலையை நாமே செய்துகொள்வோம்.

1978-ல் ஜான் கார்ப்பென்டர் இயக்கிய ‘ஹாலோவீன்’ படத்தில் ஒரு காட்சி. நாயகி லாரி ஓர் அறை வாசலுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து விசும்பிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே கும்மிருட்டு. அந்த இருட்டுக்குள் ஒரு வெள்ளை முகமூடி மெல்ல மெல்லத் தெரிய ஆரம்பிக்கிறது. அது நடந்து வரவில்லை. ஏற்கெனவே அங்கேதான் நின்றுகொண்டிருந்திருக்கிறது. ஒளிப்பதிவாளர் டீன் கண்டி அந்த முகமூடிக்கென்று தனியாக ஒரு சின்ன விளக்கை வைத்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். வெயிலிலிருந்து இருட்டறைக்குள் நுழைந்தால் கண் பழகச் சற்று நேரமாகும் இல்லையா, அதே அனுபவம். யாரோ காட்டித்தான் பார்த்தோம் என்று நமக்குத் தோன்றுவதில்லை. நம் கண்ணே கண்டுபிடித்தது போல இருக்கிறது. நாம் பார்த்துவிட்டோம், லாரி இன்னும் திரும்பவில்லை. அந்த இடைவெளியில்தான் வயிற்றைப் பிசைகிறது.

கீழே வருகிற எல்லா உத்திகளிலும் நான் பார்ப்பது இதைத்தான்: நல்ல திகில் காட்சி நம் கண்ணைத் தேட வைக்கிறது.

இதெல்லாம் எங்கே தொடங்கியது?

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியில் தொடங்கியது என்று சொன்னால் பெரிய தவறில்லை. 1920 பிப்ரவரியில் பெர்லினில் வெளியான ‘டாக்டர் கலிகாரியின் கூடம்’ படத்தில் சுவர்கள் சாய்ந்திருக்கும், ஜன்னல்கள் கோணலாக இருக்கும், தெருக்கள் கத்திமுனை போலக் குறுகும். ஹெர்மன் வார்ம், வால்டர் ரைமன், வால்டர் ரோரிக் என்ற மூன்று கலைஞர்கள் செட்டைத் துணியிலும் பலகையிலும் வரைந்தார்கள். நிழல்களைக்கூடத் தரையிலும் சுவரிலும் பெயின்டால் தீட்டினார்கள். விளக்கு ஒரு பக்கம் இருக்க, நிழல் இன்னொரு பக்கம் விழுந்தால் என்ன ஆகும்? காரணம் தெரியாமலே மனம் சங்கடப்படும். உலகத்தின் கணக்கு எங்கோ பிசகியிருக்கிறது என்று கண் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இரண்டே ஆண்டில், 1922 மார்ச்சில், எஃப். டபிள்யூ. முர்னாவின் ‘நோஸ்ஃபெராட்டு’ வந்தது. முர்னாவ் நேர் எதிர் வழியில் போனார். கேமராவை எடுத்துக்கொண்டு உண்மையான காடு, மலை, கோட்டை, துறைமுகம் என்று சுற்றினார். சாய்ந்த சுவரில் பேய் வந்தால் கதை என்று ஒதுக்கிவிடலாம். நம் ஊர்த் தெரு மாதிரியான தெருவில் சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தால்?

‘நோஸ்ஃபெராட்டு’வின் மாடிப்படி நிழலை ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்?

படம் வந்து 100 ஆண்டு தாண்டியும் அதை மிஞ்சிய ஒரு நிழலை நான் பார்க்கவில்லை என்பதால் நானும் சொல்கிறேன்.

இறுதிக் கட்டம். ரத்தம் குடிக்கும் ஓர்லோக் பிரபு, எல்லன் என்ற பெண்ணின் வீட்டுக்கு வருகிறான். படியேறும் அவனை நாம் பார்ப்பதில்லை. சுவரில் அவன் நிழல் மட்டும் ஏறுகிறது: கூன் விழுந்த முதுகு, கூரான காது, மரக்கிளை போல நீண்ட விரல்கள். கதவை நெருங்கும்போது அந்தக் கை இன்னும் நீள்கிறது. அடுத்து அறைக்குள், எல்லனின் வெள்ளை உடை மேல் கையின் நிழல் மட்டும் ஊர்ந்து ஏறி, நெஞ்சுக்கு வந்ததும் விரல்களை மடக்கி இறுக்குகிறது. அவள் துடிக்கிறாள். யாரும் அவளைத் தொடவில்லை.

செய்முறை எளிது. விளக்கைத் தாழ வைத்து ஆளை அதற்கு அருகில் நிறுத்தினால் நிழல் ஆளைவிடப் பெரிதாகும்; சுவர் தள்ளியிருந்தால் இன்னும் பெரிதாகும். கரண்ட் போன இரவில் மெழுகுவத்தியைத் தரையில் வைத்துவிட்டு, கையைச் சுடருக்கும் சுவருக்கும் நடுவே நீட்டிப் பாருங்கள். விரலை அசைத்தால் அரைச் சுவர் அசையும். சுடர் காற்றில் ஆடினால் நீங்கள் சும்மா இருந்தாலும் நிழல் அசையும். நாம் எல்லோரும் சின்ன வயதில் மான், நாய் என்று செய்து காட்டிய அதே விளையாட்டு. கதவைத் திறக்க உடல் வேண்டும். நிழலுக்குக் கதவு தடையில்லை, பூட்டு தடையில்லை. அந்தப் பயம் எந்த மொழிக்காரருக்கும் விளக்கம் இல்லாமலே புரியும்.

அதே படத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஓர்லோக்கின் வண்டி காட்டுக்குள் போகும் இடத்தில் முர்னாவ் நெகட்டிவையே படத்தில் சேர்த்தார். மரங்கள் வெள்ளையாகவும் வானம் கறுப்பாகவும் ஆகிவிடும். செலவே இல்லாமல் ஒரு காடு மறு உலகமாகிவிட்டது.

அசுரனையோ மிருகத்தையோ முழுசாகக் காட்டினால் பயம் போய்விடுமா?

போய்விடும் என்று சொல்ல மாட்டேன், கணக்குக்குள் வந்துவிடும். பார்த்துவிட்ட பொருளுக்கு அளவு உண்டு. பார்க்காததற்கு அது கிடையாது.

1975-ல் வந்த ‘ஜாஸ்’ இதற்கு நல்ல பாடம். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயந்திரச் சுறாவை அடிக்கடி காட்டத்தான் திட்டமிட்டிருந்தார். கடலில் இறக்கியதும் உப்புத் தண்ணீர் அதன் உள்ளுறுப்புகளைப் பதம் பார்த்தது; பாதி நாள் வேலையே செய்யவில்லை. சுறா இல்லாமல் சுறாப் படம் எடுக்க வேண்டிய நிலை. கேமராவை நீர்மட்டத்துக்கு இறக்கினார்கள். அலை லென்ஸில் வந்து மோதும், நீந்துபவர்களின் கால்கள் கீழிருந்து தெரியும். பின்பாதியில் சுறாவுக்குப் பதிலாக மஞ்சள் பீப்பாய்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரும். வெறும் பீப்பாய்தான், ஆனால் அதை எது இழுக்கிறது என்று நமக்குத் தெரியும். சுறா ஒழுங்காகத் தலைகாட்டவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது.

பணமில்லாமலும் இதே பாடத்துக்கு வந்திருக்கிறார்கள். 1942-ல் தயாரிப்பாளர் வால் லூட்டனும் இயக்குநர் ஜாக் டூர்னரும் சிறு முதலீட்டில் எடுத்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஒரு பெண் இருட்டான நீச்சல்குளத்தில் தனியாக மாட்டிக்கொள்வாள். தண்ணீரின் ஒளி சுவரிலும் கூரையிலும் நெளிந்துகொண்டே இருக்கும். அதில் எந்த நெளிவு சிறுத்தை, எந்த நெளிவு வெறும் ஒளி? தேடிக்கொண்டே இருப்போம்.

‘சைக்கோ’ குளியலறைக் காட்சியில் கத்தி உடம்பில் இறங்குவதைக் காட்டவே இல்லை என்கிறார்களே, உண்மையா?

கத்தி இறங்கிச் சதை கிழிவதை நீங்கள் எங்கும் பார்ப்பதில்லை. 1960-ல் வந்த இந்தப் படத்தில் இயக்குநர் ஹிட்ச்காக் இந்தக் காட்சிக்கு மட்டும் 7 நாள் செலவிட்டார். 78 கேமரா அமைப்புகள், 52 வெட்டுகள் என்று கணக்குச் சொல்வார்கள். கொலை நடக்கும் நேரமோ ஒரு நிமிடத்துக்கும் குறைவு. கத்தி, கை, வாய், வயிறு, தண்ணீர், கால் என்று துண்டு துண்டாக வருகிறது. துண்டுகளை நம் மூளை ஒட்டுகிறது, ஒட்டும்போது இல்லாத காயத்தையும் சேர்த்துக்கொள்கிறது. குழியில் சுழன்று போகும் ரத்தம் சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளைப் படத்தில் அதுதான் ரத்தத்தின் அடர்த்தியோடு தெரிந்தது.

கேமரா கோணத்தில் பயம் வருமா?

வரும், ஆனால் தனியாக வராது. தாழ்விலிருந்து பார்த்தால் ஆள் பூதாகரமாகத் தெரிவான், உச்சியிலிருந்து பார்த்தால் சுண்டெலி ஆவான், கேமராவைச் சாய்த்தால் தரை நழுவும். இவை அரிச்சுவடி, எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே பலம் குறைந்துவிட்டன.

இன்னும் பலம் குறையாத ஒன்று, டாலியும் (கேமராவைச் சக்கர மேடையில் நகர்த்துவது) ஜூமும் சேர்ந்த ஷாட். கேமரா முகத்தை நோக்கி முன்னால் நகரும். அதே வேகத்தில் லென்ஸ் ஜூமைப் பின்னால் விரிக்கும். முகம் அதே அளவில் இருக்க, பின்னணி மட்டும் விலகி ஓடும். ‘ஜாஸ்’ படத்தில் கடற்கரையில் உட்கார்ந்திருக்கும் காவல் அதிகாரி, தண்ணீரில் நடப்பதைக் கண்டதும் இப்படித்தான் காட்டப்படுகிறார். அடிவயிற்றில் ‘திக்’ என்கிறதே, அதன் படம் இது. இந்த உத்தியை முதலில் 1958-ல் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’வுக்காக இர்மின் ராபர்ட்ஸ் என்ற ஒளிப்பதிவாளர் செய்து கொடுத்தார்.

நல்ல வெளிச்சத்தில் பயமுறுத்த முடியாதா?

முடியும். ஸ்டான்லி குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ (1980) பெரும்பாலும் விளக்கெல்லாம் எரிகிற ஓட்டலில் நடக்கிறது. உடம்பில் மாட்டிக்கொண்டு நடந்தாலும் கேமரா குலுங்காமல் இருக்கச் செய்யும் ஸ்டெடிகேம் கருவியைக் கண்டுபிடித்த காரெட் பிரவுனே வந்து அதை இயக்கினார். சிறுவன் மூன்று சக்கர சைக்கிளில் நடைக்கூடங்களைச் சுற்றும்போது கேமரா தரையை ஒட்டி, அவனுக்குப் பின்னாலேயே, கொஞ்சமும் குலுங்காமல் போகிறது. குலுங்காததுதான் உறுத்துகிறது. மனிதன் துரத்தினால் மூச்சு வாங்கும், அடி தடுமாறும். இது எதுவுமில்லாமல் பின்தொடர்வது யார்? ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்னாலும் கண் ஓடிப்போய் மூலையைப் பார்த்துவிட்டு வருகிறது.

அந்த ஓட்டலின் மேலாளர் அறையில் பளிச்சென்று ஒரு ஜன்னல் இருக்கும். படத்தில் வரும் நடைபாதைகளை மனதில் வரைந்து பார்த்தால் அங்கே வெளிச்சுவர் இருக்கவே வழியில்லை. முதல் முறை பார்க்கும்போது யாரும் கவனிப்பதில்லை. ஆனாலும் இந்தக் கட்டடத்தில் வழி தவறிவிடுவோம் என்ற உணர்வு மட்டும் ஒட்டிக்கொள்கிறது.

முகமூடியும் பொம்மையும் ஏன் இப்படிக் கலங்கடிக்கின்றன?

முகத்தைக் கண்டால் அதில் எண்ணத்தைப் படிப்பது நம் பழக்கம். படிக்க ஒன்றுமே இல்லாத முகம் நம்மைத் திணறடிக்கிறது. ‘ஹாலோவீன்’ முகமூடி, ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் கேப்டன் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னரின் முகத்தை வைத்துச் செய்த மலிவான கடைச் சரக்கு. கண் துளைகளைப் பெரிதாக்கி வெள்ளை அடித்தார்கள். மனித முகத்தின் சாயல் மிஞ்சியிருக்கிறது, மனிதன் போய்விட்டான். மனிதனை நெருங்கியும் மனிதனாகாத உருவம் நம்மை விலகச் செய்யும் என்பதை ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-லேயே எழுதினார்.

ஜப்பானியப் பேய்கள் ஏன் முடியால் முகத்தை மூடிக்கொள்கின்றன?

விரித்த கூந்தலும் வெள்ளை உடையும் அவர்கள் ஓவியத்திலிருந்து வந்தவை. 18-ஆம் நூற்றாண்டு ஓவியர் மருயாமா ஓக்கியோ வரைந்த பெண் ஆவிக்குக் கால்கள் கிடையாது. இடுப்புக்குக் கீழே உருவம் புகையாகக் கரைந்துவிடும். வெள்ளை அங்கே பிணத்துக்கு உடுத்தும் நிறம். வெள்ளைச் சேலையும் தலைவிரி கோலமுமாகப் பேயைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதைப் புரிந்துகொள்ளச் சிரமமே இல்லை.

1998-ல் ஹிதேயோ நகாதா ‘ரிங்’ படத்தில் இதை டிவி பெட்டிக்குள் வைத்தார். அந்தப் படத்தின் பேயான சடாக்கோ கிணற்றிலிருந்து ஏறி, திரையை நோக்கி வந்து, திரையையே தாண்டி அறைக்குள் தவழ்கிறாள். அவள் நடையைக் கூர்ந்து பாருங்கள். தோள் முதலில் வெட்டி இழுக்கும், கால் பிறகு வரும், எடை தப்பான காலில் விழும். நடித்த ரீ இனோவைப் பின்பக்கமாக நடக்கச் செய்து, படச்சுருளைத் திருப்பி ஓட்டினார்கள். உருவம் நம்மை நோக்கி வருகிறது, ஆனால் உடம்பின் ஒவ்வொரு அசைவும் விலகிப் போகிற அசைவு. ஏதோ தப்பு என்று தெரியும், எது என்று சொல்ல வராது.

நிறங்களில் எது பயம்?

எந்த நிறமும் இல்லை. காரணமில்லாத நிறம்தான் பயம். டாரியோ அர்ஜென்டோவின் ‘சஸ்பீரியா’வில் (1977) ஒளிப்பதிவாளர் லூசியானோ தோவோலி முகங்கள் மேல் ரத்தச் சிவப்பையும் பச்சையையும் நீலத்தையும் கொட்டினார். அறையில் அப்படி ஒரு விளக்கே இருக்காது. அதே படத்தில் கதவுக் கைப்பிடிகளை வழக்கத்தைவிட உயரத்தில் வைத்தார்கள். வளர்ந்த பெண்கள் கதவைத் திறக்கக் கை உயர்த்தும்போது குழந்தைகளாகிவிடுகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத படங்களை நடுவே சொருகுகிறார்கள் என்பது?

‘தி எக்ஸார்சிஸ்ட்’ (1973) பற்றிச் சொல்வது இது. வெளுத்த பேய்முகம் ஒன்று கண்சிமிட்டும் நேரம் வந்து மறையும். மேக்கப் சோதனைக்காக நடிகை ஐலீன் டீட்ஸை வைத்து எடுத்த முகம் அது. கண்ணுக்குத் தெரியாது என்பது மிகை, தெரியத்தான் செய்கிறது. பார்த்தோமா இல்லையா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வைக்கிறது.

திடீரென்று ‘பக்’கென்று பயமுறுத்துவது மட்டமான உத்தியா?

அதை மட்டுமே நம்பினால் மட்டம். பலூனை ஊசியால் குத்தினாலும் தூக்கிவாரிப் போடும். அதற்குத் திறமை வேண்டாம்.

போஸ்டரில் அசைவும் இல்லை, சத்தமும் இல்லை. பிறகு எப்படி?

ஊர்ச் சுவரில் ஒட்டியிருந்த பேய்ப்பட போஸ்டரைத் தாண்ட முடியாமல், பள்ளிக்குச் சுற்றுவழியில் போன சிறுவன் நான். இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது.

படம் ஒன்றரை மணி நேரத்தில் நம்மைத் தேட வைக்கிறது, போஸ்டருக்கு ஒரு பார்வைதான் கிடைக்கும். அதனால் நடந்து முடிந்த கோரத்தைவிட, நடக்கப் போகிற நொடியைப் பிடித்த போஸ்டர்களே நிலைத்திருக்கின்றன. ‘ஜாஸ்’ போஸ்டர் ரோஜர் காஸ்டல் முதலில் நாவலின் மலிவுப் பதிப்பு அட்டைக்காக வரைந்த ஓவியம். மேலே ஒரு பட்டை நீர்ப்பரப்பு, அதில் நீந்துகிற பெண். கீழே முழுக்க ஆழ்கடல் நீலம். அந்த நீலத்திலிருந்து நேர் செங்குத்தாகச் சுறாவின் மூக்கும் பற்களும் எழும்புகின்றன. அவள் எதையும் பார்க்கவில்லை. இருவருக்கும் நடுவே கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருக்கிறது. அந்த இடத்தை மூடிவிட்டுப் பாருங்கள், போஸ்டர் செத்துவிடும்.

‘தி எக்ஸார்சிஸ்ட்’ போஸ்டர் இன்னும் நுட்பமானது. தொப்பியும் பையுமாக ஒருவர் இரவில் ஒரு வீட்டின் முன் நிற்கிறார். மேல் ஜன்னலிலிருந்து வெளிச்சம் அவர் மேல் பாய்கிறது. இருட்டில் ஆபத்து, வெளிச்சத்தில் அடைக்கலம் என்று பழகிய நமக்கு, இங்கே வெளிச்சம் வரும் அறையில்தான் பேய் இருக்கிறது. ரெனே மக்ரீத்தின் ‘ஒளியின் பேரரசு’ ஓவியங்கள் அந்தக் காட்சிக்குத் தூண்டுதல்.

1979-ன் ‘ஏலியன்’ போஸ்டரில் கறுப்பு வெளியில் விரிசல் விட்ட ஒரு முட்டை, உள்ளிருந்து கசியும் பச்சை ஒளி, அவ்வளவே. விண்வெளியில் நீ அலறினாலும் யாருக்கும் கேட்காது என்ற வாசகம் கூட வந்தது. ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ (1991) போஸ்டரில் பெண்ணின் வாயை ஓர் அந்துப்பூச்சி மூடியிருக்கும். அதன் முதுகில் மண்டையோடு. அருகே போய்ப் பார்த்தால் மண்டையோடு ஏழு நிர்வாணப் பெண்களால் ஆனது. 1951-ல் ஓவியர் சால்வடோர் டாலியோடு புகைப்படக் கலைஞர் பிலிப் ஹால்ஸ்மன் எடுத்த புகைப்படத்தின் வழி வந்தது. ஒரு போஸ்டர் மூன்று முறை நம்மை உள்ளே இழுக்கிறது.

படமே இல்லாமலும் முடியும். ‘கலிகாரி’ வெளியாவதற்கு முன் பெர்லின் சுவர்களில் ‘நீ கலிகாரியாக மாற வேண்டும்!’ என்ற வாசகம் மட்டும் ஒட்டப்பட்டது. எந்தப் படம், எந்தத் தியேட்டர் என்ற விவரம் இல்லை. யார் அந்தக் கலிகாரி?

எழுத்துருவில் ரத்தம் சொட்ட வேண்டுமா?

வேண்டாம், தயவுசெய்து. ‘சைக்கோ’ எழுத்துகளைப் பாருங்கள். முதலில் நாவலின் அட்டைக்காக டோனி பல்லடினோ செய்தது. தடித்த எழுத்தைக் குறுக்கே கிழித்துச் சற்று நகர்த்தி ஒட்டியிருக்கிறார். படிக்கவும் முடிகிறது, உடைந்தும் இருக்கிறது. தமிழ் எழுத்தில் சுழிகளும் வளைவுகளும் அதிகம் என்பதால், சொட்டுகளைத் தொங்கவிட்டால் ‘ள’வும் ‘ன’வும் அடையாளம் தெரியாமல் போகும். வெட்டுவது நம் எழுத்துக்கு நன்றாகவே பொருந்தும்.

ஜெர்மானிய நிழல்கள் இந்தியாவுக்கு வந்தனவா?

நேரடியாகவே வந்தன. மியூனிக்கில் பிறந்த ஒளிப்பதிவாளர் ஜோசஃப் விர்ஷிங், பம்பாய் டாக்கீஸில் வேலை செய்ய வந்தவர். 1949-ல் வந்த ‘மஹால்’ அவர் ஒளிப்பதிவு. பாழடைந்த மாளிகை, ஊஞ்சல், விளக்கேந்திப் போகும் பெண் என்று பிற்காலப் பேய்ப்படங்களில் நாம் பார்த்துச் சலித்தவையெல்லாம் அதில் புத்தம் புதிதாக இருக்கும்.

கையில் போன் மட்டும் இருக்கிறது. குறும்படம் எடுக்க எங்கே தொடங்கலாம்?

ஒரு அறை, திறந்த கதவு, ஒரே விளக்கு. விளக்கைக் கதவுக்கு இந்தப் பக்கம் வையுங்கள், அப்பால் இருட்டாக விடுங்கள். போன் தானாகவே இருட்டை வெளுப்பாக்கப் பார்க்கும். திரையில் விளக்கைத் தொட்டு, ஒளி அளவைக் குறைத்து, பூட்டிவிடுங்கள். ஸ்டாண்டில் நிறுத்துங்கள், கையில் பிடிக்காதீர்கள். நடிப்பவரை ஃப்ரேமின் ஓரத்தில் உட்கார வைத்து, கதவுக்கு நடுவிடத்தைக் கொடுங்கள். அவர் சாப்பிடட்டும், துணி மடிக்கட்டும், கதவைப் பார்க்க மட்டும் கூடாது.

ஒரு நிமிடம் வெட்டாமல் ஓடவிட்டு, யாருக்காவது போட்டுக் காட்டுங்கள். நீங்கள் திரையைப் பார்க்காமல் அவர் கண்ணைப் பாருங்கள். கதவுப் பக்கம் போய்ப் போய் வருகிறதா? அப்படியானால் அந்த இருட்டுக்குள் ஆளை நிறுத்தலாமா வேண்டாமா என்று யோசிக்கலாம்.